சொம்புத் தண்ணீரும் ரிட் மனுவும்

வீடு தேடி வந்த மனுசருக்குத் தண்ணீர் கொடுத்தது குற்றமா? எனக்குக் குற்றம் என்றுதான் முத்திரை குத்தி உத்தரவு வந்தது.

இரண்டு வயதில் போலியோ வந்து எனக்கு வலது கால் சூம்பிப் போனது. பதினோரு வருடமாக மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தேன். திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊர். அண்ணன் வீரபாண்டி வீட்டில்தான் இருக்கிறேன், சோற்றுக்குக் குறையில்லை. ஆனால் ஒரு சோப்பு வாங்கக்கூட மதினி முகத்தைப் பார்க்காமல் இருந்தேன் என்றால், அது அந்தப் பணத்தால்தான்.

போன சித்திரையில் தாலுகா ஆபீஸிலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார். வெயிலில் வந்திருக்கிறாரே என்று சுவரைப் பிடித்து எழுந்து, நாலு எட்டு வைத்து, ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தேன். மடமடவென்று குடித்துவிட்டு, 'எவர் துணையுமின்றி நடக்கிறார்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதமே உதவித்தொகை நின்றது. மேலதிகாரிக்குக் கொடுத்த மனுவையும் தள்ளிவிட்டார்கள். விளங்குவாரா அந்த ஆள்?

சர்க்காரோடு மல்லுக்கு நிற்க நாம் யார், நான் சோறு போடலையா என்றார் அண்ணன். அந்தச் சோற்றுப் பேச்சுதான் எனக்குச் சுருக்கென்றது. மறுநாளே அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறி, வக்கீல் ஷஹீனாவைப் பார்த்தேன். மதுரை ஐகோர்ட்டுக்குப் போய்வருகிற பெண். உத்தரவை ஒரு தடவை படித்தார், சிரித்தார்.

"எவ்வளவு தூரம் நடந்தீகன்னு இதுல ஒரு வரி இல்லையேக்கா."

அந்த உத்தரவை எதிர்த்து ஐகோர்ட்டில் ரிட் மனு போட்டோம். ஏழு மாதம் கழித்து நீதிபதியும் அதையேதான் கேட்டாராம். உத்தரவு ரத்து. ஆனால் பணத்தைக் கோர்ட்டே கொடுத்துவிடவில்லை. ஆறு வாரத்துக்குள் என்னை நேரில் அழைத்து விசாரித்து, தாலுகா ஆபீஸே மறுபடி முடிவு செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. ஜெயித்தும் அதே வாசலா என்று அண்ணன் தலையில் கைவைத்தார். எனக்கு அது போதும். இந்தத் தடவை அவர்கள் என்னைக் கேட்டே ஆக வேண்டும்.

போகிற அன்று, கிழிந்த சேலை கட்டு, வாசலிலிருந்தே தவழ்ந்து போ என்று அண்ணன் பாடம் நடத்தினார். நான் பச்சைச் சுங்குடி கட்டி, பூ வைத்துக்கொண்டு கிளம்பினேன். அண்ணனும் கூடவே வந்தார்.

தாசில்தார் ராஜேஸ்வரி புதிதாக வந்தவர். கொஞ்சம் நடந்து காட்ட முடியுமா என்று தயங்கித்தான் கேட்டார். நடந்தேன். அவ்வளவு பெரிய ஹாலின் நடுவில் பிடிக்கச் சுவர் ஏது? ஏழாவது எட்டில் கால் மடங்கி விழுந்தேன். அண்ணன் பதறி ஓடி வந்தார்.

"விடுண்ணே. அவுக பாக்கட்டும்."

ஆபீஸே எழுந்து பார்த்தது. பெரியவளானதிலிருந்து யார் கண்ணிலும் படாமல் விழுந்து எழுந்து பழகியவள் நான். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் தலையைக் குனியவில்லை. தாசில்தார் நாற்காலியை விட்டு வந்து என் பக்கத்தில் குந்தி, நின்றுபோன மாதத்திலிருந்து சேர்த்துத் தரச் சொல்கிறேன் என்றார்.

அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதுகொண்டிருந்தார். ஒரே வீட்டில் இருந்தும், நான் விழுவதை அவரும் அன்றுதான் பார்த்தார்.