அதில் கசகசா உண்டா?

பதினெட்டு ஏ காலியாக இருந்தது. ஜன்னலோர சீட். சவரிமேரியின் பெயரில் பதிவானது.

பதினெட்டு பி-யில் ஜோசப்ராஜ் உட்கார்ந்திருந்தார். வயது அறுபத்திரண்டு. கடலூர் சிப்காட்டில் ஒரு சாயக் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விமானம் ஏறுவது இதுதான் முதல் தடவை. சவரிமேரி அவருடைய மனைவி. இறந்து முப்பத்தாறு நாளாகிறது.

ஷார்ஜாவுக்குப் போக வேண்டியவள் அவள்தான். மகள் கிரேசிக்கு அங்கே தலைப்பிரசவம். டிக்கெட் போட்டு, விசா வந்து, பெட்டி பாதி கட்டிய நிலையில் போய்விட்டாள். மஞ்சக்குப்பத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கும் பாலகுமாரிடம் போய், அதே டிக்கெட்டில் தன் பெயரைப் போட முடியுமா என்று கேட்டார் ஜோசப்ராஜ். நம்மூர் கம்பெனி என்றால் பேசிப் பார்க்கலாம், இந்த ஃபாரின்காரனிடம் பேச்சுக்கே இடமில்லை என்று சொல்லிவிட்டு, பாலகுமார் புதிதாக ஒரு டிக்கெட் போட்டான்.

"ஆன்ட்டி சீட்டுக்குப் பக்கத்து சீட்டே போட்டுட்டேன் அங்கிள்" என்றான், ஏதோ உபகாரம் செய்தவன் போல.

அந்த விமானக் கம்பெனியின் பெயர் அவர் வாயில் நுழையவே இல்லை. விமானம் நகர ஆரம்பித்ததும் ஒலிபெருக்கியில் ஓர் ஆண்குரல் ஓதியது. அரபு. ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. ஆனால் அது ஜெபம் என்பது அந்த இழுவையிலேயே தெரிந்தது. முடிந்ததும் இவர் சிலுவை போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த அறிவிப்புகள் அரபு, ஆங்கிலம், இந்தி. தமிழ் இல்லை. எந்த நாட்டுக்காரி என்று சொல்ல முடியாத ஒரு பணிப்பெண் வந்து, ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்காரலாமே என்று சைகை காட்டினாள். அவர் தலையாட்டினார். நகரவில்லை.

பதினெட்டு சி-யில் இருந்தவன் எழிலன். சிதம்பரத்துக்காரன். ஷார்ஜாவில் ஒன்பது வருஷமாக ஏசி மெக்கானிக், லீவு முடிந்து திரும்புகிறான். இவர் கடலூர் என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து 'மாமா' போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டான். லீவில் எத்தனை கல்யாணத்துக்கு மொய் எழுதினான், பொண்டாட்டி எதற்கெல்லாம் கோபித்துக்கொண்டாள் என்று விமானம் மேகத்தைத் தாண்டுவதற்குள் சொல்லி முடித்தான். பிறகு இவர் முறை. பெட்டியில் என்னவெல்லாம் கொண்டுபோகிறார் என்று கேட்டான்.

ஜோசப்ராஜ் சொன்னார். குழந்தைக்குப் பழைய வேட்டித் துணி, பிரசவ லேகியம், முறுக்கு. அப்புறம் ஒரு கிலோ கறிமசாலா.

அந்தக் கறிமசாலாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னார். சவரிமேரி மகளுக்காக அரைத்தது. சிதம்பரத்தில் தன் தங்கை பெலிசியா வீட்டுக்குப் பக்கத்து மில்லில் நைஸாக அரைப்பான் என்று அங்கே போய் இரண்டு நாள் தங்கி, காய வைத்து, வறுத்து அரைத்தாள். அன்று சாயங்காலமே நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்கு இவர் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அவள் பேசுகிற நிலையில் இல்லை. மறுநாள் காலை முடிந்துவிட்டது. கிரேசிக்கு எட்டாவது மாதம். டாக்டர் விமானம் ஏறக் கூடாது என்றுவிட்டார். அம்மாவின் முகத்தை வீடியோவில்தான் பார்த்தாள். அடக்கம் முடிந்த ராத்திரி போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். எனக்கு வேற எதுவும் வேணாம்ப்பா, அம்மா அரைச்சதை மட்டும் கொண்டாந்து குடுத்துடு.

எழிலன் கேட்டுக்கொண்டே இருந்தான். முகம் மாறியது.

"மாமா, அதுல கசகசா இருக்கா?"

"இருந்தா இன்னா?"

"அங்க அது போதைப்பொருள் கணக்கு மாமா. நம்ம ஊர்ல பாயாசத்துல போடறோம். அங்க பெட்டியில இருந்தா ஆளைத் தனியா உக்கார வச்சிடுவாங்க."

குறிஞ்சிப்பாடிக்காரன் ஒருத்தன், எழிலனோடு ஒரே ரூமில் இருந்தவன், அம்மா துணிக்கு நடுவில் வைத்தனுப்பிய ஒரு சின்னப் பொட்டலத்தால் நாலு நாள் உள்ளே இருந்தானாம். அவனுக்கு விசா எடுத்துக் கொடுத்தவனையும் கூப்பிட்டு விசாரித்தார்களாம்.

"உங்களுக்கு யாரு மாமா விசா எடுத்தது?"

"மருமவன்."



பெட்டி காலுக்குக் கீழே, விமானத்தின் வயிற்றில் இருந்தது. இறங்கிப் போய் எடுக்க முடியாது. இன்னும் மூன்று மணி நேரம். ஜோசப்ராஜ் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

கசகசா போட்டாளா?

முப்பத்தைந்து வருஷம் அவள் கையால் சாப்பிட்டவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கறி வாங்கிக் கொடுப்பார். மத்தியானம் குழம்பு தட்டில் இருக்கும். நடுவில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. மசாலா வறுக்கிற நாளில் அவர் ஷிஃப்டில் இருப்பார், இல்லை ஷிஃப்ட் முடிந்து தூங்குவார். மல்லி போடுவாள். மிளகாய், மிளகு. பட்டை, கிராம்பு. அதற்குப் பிறகு? சாயக் கம்பெனியின் மூன்று மாடியிலும் எந்த மூலையில் எந்த வால்வு, என்ன சைஸ் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வீட்டுச் சமையலறையில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று இந்த முப்பத்தாறு நாளாகத்தான் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

காலி சீட்டின் பக்கம் திரும்பினார். கேட்டால் உடனே சொல்லிவிடுவாள். அதை ஏன் இப்பக் கேக்குற என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்வாள்.

சாப்பாட்டு வண்டி வந்தது. அவர் வேண்டாம் என்றார்.

இறங்கியபோது அங்கே மத்தியானம். பெட்டிகள் சுற்றிவருகிற இடத்தில் எழிலன் தன் லோக்கல் சிம்மில் கிரேசிக்குப் போன் போட்டு அவர் காதில் வைத்தான். வந்துட்டியாப்பா என்று அவள் ஆரம்பிப்பதற்குள் ஜோசப்ராஜ் கேட்டுவிட்டார்.

"அம்மா கறிமசாலாவுல கசகசா போடுவாளா?"





"தெரியலப்பா." குரல் இறங்கியது. "பிரசவத்துக்கு வரும்போது எல்லாத்தையும் கேட்டு எழுதி வச்சிக்கணும்னு இருந்தேன்."

அவர் விஷயத்தைச் சொன்னார். கிரேசி நர்ஸ் வேலை பார்க்கிறவள், சட்டம் தெரியும். இருந்தும் சொன்னாள்.

"கொண்டாந்துடுப்பா. தூள்ல யாரு பாக்கப் போறா."

லைன் அறுந்தது. அவளே வைத்தாளா, தானாக அறுந்ததா என்று தெரியவில்லை.

தெரிந்தவள் இன்னும் ஒருத்தி இருந்தாள். பெலிசியா. அரைத்தபோது கூடவே நின்றவள். எழிலன் சிதம்பரத்துக்குப் போட்டான். ஸ்விட்ச் ஆஃப். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதும் போனை அணைத்துவிட்டுப் படுப்பது அவள் வழக்கம். ஜோசப்ராஜின் போனுக்குத் தன் போனிலிருந்து நெட் கொடுத்தான் எழிலன். அவர் வாட்ஸப்பில் குரல் பதிந்து அனுப்பினார். ஒற்றை டிக். அதற்கு மேல் நகரவில்லை.

எழிலனுக்கு வெளியே கம்பெனி வேன் காத்திருந்தது. இரண்டு தடவை டிரைவர் கூப்பிட்டுவிட்டான்.

"எதுக்கு மாமா ரிஸ்க்கு? அங்க பாருங்க, அந்தக் கதவுக்கு முன்னாடி மெஷின் இருக்கு. அதுக்குள்ள போறதுக்கு முன்னாடி முடிவு பண்ணிடுங்க." அவர் தோளைத் தொட்டுவிட்டு வேகமாக நடந்தான். அவனோடு நெட்டும் போயிற்று.

பெட்டி வந்தது. சவரிமேரி அடையாளத்துக்குக் கட்டிய பச்சை ரிப்பன் கைப்பிடியில் இருந்தது. அதைத் தரையில் படுக்க வைத்துத் திறந்து, டப்பாவை வெளியே எடுத்தார். மூடியைச் சுற்றி பிரவுன் டேப். நகத்தால் கீறிப் பிரித்து மூக்குக்கிட்டே கொண்டுபோனார். ஒன்றும் வரவில்லை. கம்பெனி வாயுவில் மூக்கு செத்துப் பத்து வருஷமாகிறது. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். காரம் தெரிந்தது. அவள் தெரிந்தாள். கசகசா தெரியவில்லை.

சுற்றிலும் கூட்டம் கரைந்துவிட்டது. பெட்டி சுற்றுகிற பட்டை நின்றது. தூரத்திலிருந்து சீருடைக்காரன் ஒருவன் இவரையே பார்த்துக்கொண்டு வந்தான். கிட்டே வந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டான். அவர் டப்பாவைப் பெட்டிக்குள் வைத்து மூடிக்கொண்டு, வயிற்றைத் தடவிக் காட்டினார். அவன் கழிப்பறைப் பக்கம் கையை நீட்டினான்.

கம்பெனியில் சேர்ந்த முதல் நாள் சொல்லிக் கொடுத்த விதி ஒன்று உண்டு. லேபிள் இல்லாத டிரம்மில் தண்ணீரே இருக்கலாம். ஆனால் விஷம் என்று நினைத்துத்தான் தொட வேண்டும். முப்பத்தோரு வருஷத்தில் ஒருநாளும் அதை அவர் மீறியதில்லை. அதனால்தான் பத்து விரலும் இருக்கின்றன.

மருமகன் சகாய ஆனந்த் வெளியே நின்றுகொண்டிருப்பான். இன்னும் பத்து நாளில் குழந்தை. அவனைக் கூப்பிட்டு விசாரித்தால் கிரேசி யாரோடு ஆஸ்பத்திரிக்குப் போவாள்?

கழிப்பறைக் கதவைத் தாழிட்டார். டப்பாவைச் சாய்த்தார்.

ஒரே தடவையில் போகவில்லை. செக்கச் செவேலென்று மேலே மிதந்தது. தண்ணீரைத் திறந்தார். நின்றார். தொட்டி நிரம்பக் காத்திருந்தார். மறுபடி திறந்தார். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். ஐந்தாவது தடவை தண்ணீர் தெளிந்தது. டப்பாவைக் கழுவி, முறுக்கு சுற்றி வந்த தினசரியில் பொதிந்து குப்பைக் கூடையில் போட்டார்.

வெளிவாசலில் இருந்த மெஷின் ஓடவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த அதிகாரி போனைப் பார்த்தபடியே போ, போ என்று கையசைத்தான்.

சகாய ஆனந்த் நல்ல பையன். பெட்டியை வாங்கிக்கொண்டான், எதையும் கேட்கவில்லை. கிரேசி வீட்டு வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள். அப்பாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு பெட்டியை அவளே திறந்து வேட்டித் துணியை எடுத்தாள், லேகியத்தை எடுத்தாள், முறுக்கை எடுத்தாள். அடிவரை போய்த் துழாவிவிட்டு நிமிர்ந்தாள்.

"கொண்டாரச் சொன்னேனேப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். சாப்பாடு போட்டாள். சோறு வேணுமா, ரசம் வேணுமா என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. சாயங்காலம் வரை அவர் சோபாவின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார். சகாய ஆனந்த் வீட்டு வைஃபையை அவர் போனில் போட்டுக் கொடுத்துவிட்டு டூட்டிக்குக் கிளம்பினான்.

போன் சிணுங்கியது. பெலிசியா. குரல் செய்தி, நாற்பத்திரண்டு நொடி.

ஜோசப்ராஜ் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனைக் காதோடு அழுத்தினார்.

"மாமா, இப்பதான் எழுந்து பாக்கறேன். கசகசாவா? அக்கா எப்ப கசகசா போட்டா? நீங்க காடாம்புலியூர்ல இருந்து வாங்கியாற ஒடைச்ச முந்திரிதான். அதை லேசா வறுத்து ஆற வச்சிக் கடைசியா போட்டு ஒரு சுத்து விடுவா. அன்னிக்கும் அதான். முந்திரி இருக்கறப்ப எவ கசகசா போடுவான்னு மில்லுக்காரன்கிட்ட சண்டையே போட்டா. பயப்படாம எடுத்துட்டுப் போங்க."

அவர் இன்னொரு தடவை கேட்டார்.

வருஷா வருஷம் பங்குனியில் அவரே பையைத் தூக்கிக்கொண்டு போய் வாங்கி வந்த முந்திரி. கிறிஸ்துமஸ் கேக்குக்கு என்று நினைத்திருந்தார்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கிரேசி நின்றாள். கதவைத் திறந்தாள்.

"சித்தியா? இன்னா சொன்னாங்க?"

ஜோசப்ராஜ் போனைச் சட்டைப்பையில் போட்டார்.

"கசகசா போட்டாளாம். ரெண்டு கைப்பிடி."

கிரேசி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். பிறகு கையை நீட்டி அவருடைய கையைப் பிடித்தாள். அவர் வந்ததிலிருந்து முதல் தடவையாக அழுதாள்.

"நல்ல வேளைப்பா. நான் பாட்டுக்குக் கொண்டாந்துடுன்னு சொல்லிட்டேன். நீ மாட்டியிருந்தா?"

"ஆமாம்மா. நல்ல வேளை."

அழுது முடித்ததும் அவளுக்குப் பசித்தது. உள்ளே போய் எதையோ அடுப்பில் வைத்தாள். அப்பாவுக்குக் காபியில் சர்க்கரை போடலாமா என்று அங்கிருந்தே கேட்டாள். அவர் போடு என்றார்.

பால்கனிக் கதவு மறுபடி சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போனை எடுத்தார். பெலிசியாவின் செய்தியை அழித்தார். பிறகு மைக் படத்தை அழுத்திப் பிடித்தார்.

"பெலிசியா, கிரேசி உன்கிட்ட கேப்பா. கசகசா போட்டான்னே சொல்லிடு. ஏன்னு அப்பறம் சொல்றேன்."

கட்டைவிரலை எடுக்கவில்லை. நொடிகள் ஓடின. எட்டு. ஒன்பது. பத்து. வேறு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்ல வேண்டியது பெலிசியாவிடம் இல்லை.

விரலை எடுத்தார். செய்தி போயிற்று.