நரம்பு டாக்டரும் கைராசிக்காரரும்

ரத்தக்குழாய் அறுவை சிகிச்சைப் பிரிவு என்று கதவின் மேல் கொட்டை எழுத்தில் எழுதித்தான் இருந்தது. ஆனாலும் வருகிற சனம் அங்கிருந்த டாக்டரம்மாவை நரம்பு டாக்டர் என்றே சொன்னது. விரல் மரத்தாலும் நரம்பு, தொடையில் நீலமாய் ஒரு கோடு தெரிந்தாலும் நரம்பு. அதை அவள் பெரிதுபண்ணவில்லை. படித்த டாக்டர் ஒருவர் அதே கணக்கில் ஆட்களை அனுப்புவதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அந்த டாக்டரைச் சுற்றுவட்டாரத்தில் கைராசிக்காரர் என்பார்கள். சந்தைத் தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே அவருடைய கிளினிக். காலில் எது என்றாலும், ‘கால் வலி, பார்க்கவும்’ என்று கிறுக்கி அவளிடம் தள்ளிவிடுவார். அன்று காலையும் அப்படித்தான். முதலில் வந்த அம்மாளுக்கு முழங்கால் தேய்மானம். அடுத்தவருக்குப் புதுச் செருப்பு கடித்திருந்தது. பிறகு வந்த கல்லூரிப் பெண்ணுக்குத் தொடையில் நகத்தளவு நீலக்கோடு. காலை எடுத்துவிடுவார்களோ என்று அம்மா, அக்கா, அத்தை எல்லாரும் கூடவே வந்திருந்தார்கள். அவர்களைத் தேற்றி அனுப்புவதற்குள் அவளுக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

மத்தியானம் எலும்புப் பிரிவிலிருந்து ஒரு பேருந்து ஓட்டுநரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கொஞ்சம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்று அவர் மாசக்கணக்காய்ச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். கைராசிக்காரர் அதை முதுகுத்தண்டுக் கோளாறு என்று முடிவுகட்டி எலும்பு டாக்டரிடம் அனுப்பியிருந்தார். இப்போது வலதுகால் பெருவிரல் கருத்துப்போயிருந்தது. அவள் பாதத்தைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. நாடி இல்லை.

அன்றே அறுவை சிகிச்சை செய்தாள். கால் தப்பியது, பெருவிரலும் பக்கத்து விரலும் போயின. சொன்னபோது ஓட்டுநரின் மனைவி அழவில்லை.

“இனிமே பிரேக்கை எதால மிதிப்பாரு?” என்று மட்டும் கேட்டாள்.

டாக்டர் வெளியே வந்தாள். கைராசிக்காரருக்குப் போன் போட்டாள். கிளினிக்கில் கூட்டம் என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் சாயங்காலம் நேரே அவர் கிளினிக்குக்கே போய், நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே போனவர்கள் நாற்காலி சூடாகுமுன்னே வெளியே வந்தார்கள். படுக்கவைத்துப் பார்க்கும் கட்டில் மேல் மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

கூட்டம் கலைந்ததும் உள்ளே போய்க் கேட்டாள். “அந்த பஸ் டிரைவர் காலைத் தொட்டுப் பார்த்தீங்களா?”

“இல்லம்மா. ஷூவோட வந்தாரு, ஷூவோட போனாரு.”

“நல்லா இருக்கிற காலையெல்லாம் எங்கிட்ட அனுப்புறீங்க. போகப்போற காலை வேற எங்கயோ அனுப்புறீங்க.”

“எது எதுன்னு தெரிஞ்சா அனுப்ப மாட்டேனா? பயத்துல எல்லாத்தையும் தள்ளிவிடறேன்” என்றார் அவர்.

திட்டுவதற்கென்று வழியெல்லாம் கோர்த்து வைத்திருந்த வார்த்தைகள் வாயிலேயே நின்றுவிட்டன. ஆமாம் என்று ஒப்புக்கொள்கிறவரை என்ன திட்டுவது? எரிச்சல்தான் இன்னும் ஏறியது. மருந்துப் பெட்டிகளை இறக்கிக் கீழே வைத்தாள். அவரையே கட்டிலில் உட்காரச் சொல்லி, செருப்பைக் கழற்றவைத்து, அவர் விரலைப் பிடித்து அவர் பாதத்திலேயே நாடி துடிக்கும் இடத்தில் அழுத்தினாள். நாடி இல்லாவிட்டால், பாதம் குளிர்ந்திருந்தால், புண் ஆறாமல் இழுத்தால் தனக்கு நேராகப் போன் பண்ணச் சொன்னாள்.

அங்கேதான் தவறு செய்தாள். மறுநாளிலிருந்து போன் ஓயவில்லை.

“இவருக்கு நாடி இருக்கும்மா.”

“இருந்தா எனக்கெதுக்குப் போன் பண்றீங்க?”

“இருக்குன்னு சொல்லத்தான்.”

ஒரு நாள் பிரிவுக் கூட்டத்தின் நடுவில் மறுபடி அவர் பெயர் திரையில் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தாள்.

“சலவைக்கடைக்காரர் ஒருத்தர். காலையில வரைக்கும் நல்லா நடந்திருக்காரு. இப்ப பாதம் வெளுத்துப்போச்சு, நாடி இல்ல. என் வண்டியிலயே ஏத்திட்டேன்.”

கூட்டத்தில் யாரோ பேசிக்கொண்டிருந்த பாதி வாக்கியத்தில் அவள் எழுந்து போனாள். ரத்தக்குழாயை உறைந்த ரத்தக்கட்டி அடைத்திருந்தது. அதை எடுத்ததும் பாதம் மெல்லச் சிவந்தது. ஒரு விரலும் போகவில்லை.

வெளியே கைராசிக்காரர் நின்றுகொண்டிருந்தார். ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனார். மயக்கம் தெளியாத அந்த மனிதரின் பாதத்தில் விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நெடுநேரம் விரலை எடுக்கவில்லை.

“இருக்கும்மா” என்றார்.

“அந்த நாடியை நான்தானே திரும்பக் கொண்டுவந்தேன், எனக்குத் தெரியாதா?” என்றாள் அவள். சொல்லிவிட்டு, அவர் விரலை எடுக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.