ஸ்டுட்கார்ட்டில் வத்தக்குழம்பு

கேரின், வருடா வருடம் குளிர்காலத்தில் வந்து ஜோதியம்மாளின் மாடி அறையில் தங்குகிற ஜெர்மன்காரி. பக்கத்து ஆசிரமத்தில் தியானம் முடிந்ததும் நேரே கீழே சமையலறைக்கு வந்துவிடுவாள். அங்கே நின்றபடியே தமிழும் கற்றாள், குழம்பும் கற்றாள். மகன் பிரசாத்துக்கு ஸ்டுட்கார்ட்டில் வேலை கிடைத்தபோது, அதே ஊர்க்காரியான கேரினிடம், "புள்ளைய கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று கையைப் பிடித்துக் கேட்டதும் ஜோதியம்மாள்தான்.

கேரினும் நன்றாகவே பார்த்துக்கொண்டாள். அதைத்தான் ஜோதியம்மாளால் தாங்க முடியவில்லை.

முதலில் தினமும் வீடியோவில் வந்தவன் பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தான். அதுவும் கேரின் வீட்டு சோபாவிலிருந்து, அவள் வாங்கித் தந்த ஸ்வெட்டரில். ஒருநாள் மகள் கீர்த்தனா இன்ஸ்டாகிராமைக் காட்டினாள். கேரினின் தோளில் கைபோட்டபடி பிரசாத். கீழே, 'ஊர்ல ஒரு அம்மா, இங்க ஒரு அம்மா' என்று எழுதியிருந்தான். ஜோதியம்மாளுக்கு வயிறு எரிந்தது. கணவர் காசி ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே, தெரியாத ஊரில் ஒரு துணை இருப்பது நல்லதுதானே என்றார். அன்று முழுக்க அவர் இருந்த பக்கமே அவள் திரும்பவில்லை.

அடுத்த வாரம் கேரினே போன் செய்தாள். பிரசாத் வத்தக்குழம்பு கேட்டானாம். வெந்தயம் எவ்வளவு என்பது மறந்துவிட்டதாம்.

"ரெண்டு ஸ்பூன் போடுங்க," என்றாள் ஜோதியம்மாள். "நல்லா கருக வறுத்துடுங்க. அவனுக்கு அப்படித்தான் புடிக்கும்."

அரை ஸ்பூனே ஜாஸ்தி. போனை வைத்ததும் மனசு குளிர்ந்தது. குழம்பு கசக்கும், மகன் முகம் சுளிப்பான், அம்மா கைப்பக்குவம் யாருக்கும் வராது என்று சொல்லக் கூப்பிடுவான் என்று காத்திருந்தாள்.

மறுநாள் கூப்பிட்டான். குழம்பைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அவளே கேட்டாள்.

"கசப்புதாம்மா. ஆனா முழுசா சாப்ட்டுட்டேன். பாவம், ஆசையா செஞ்சாங்க."

இங்கே உப்பு ஒரு கல் கூடினாலும் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனவன். சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

டிசம்பரில் கேரின் வந்தாள். மாடியில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பிவிடத்தான் ஜோதியம்மாள் நினைத்திருந்தாள். ஆனால் அவள் கொண்டுவந்த பெட்டியில் பிரசாத் கொடுத்தனுப்பியது ஏதாவது இருக்கும். சாவியைக் கொடுத்தாள்.

சமையலறையில் எண்ணெய் காயும்போது கேரின் பக்கத்தில் வந்து நின்றாள். ஜோதியம்மாள் வெந்தயத்தை விரலால் ஒரு சிட்டிகை எடுப்பதைப் பார்த்து, "இவ்ளோதானா?" என்று கேட்டாள்.

ஜோதியம்மாள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "அன்னிக்கு வேணும்னுதான் தப்பா சொன்னேன்."

"தெரியும்," என்றாள் கேரின். "பிரசாத் ஒரு வாய் சாப்பிட்டான், சிரிச்சான். அம்மா கோவமா இருக்காங்கன்னு சொன்னான்."

ஜோதியம்மாள் வெந்தயத்தை எண்ணெயில் போட்டாள். அவ்வளவு தூரத்தில், ஒரே வாயில் அவளைக் கண்டுபிடித்துவிட்டான். அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. அதைத் தன்னிடம் சொல்லாமல் இவளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான் என்று தோன்றியதும் மறுபடி எரியத் தொடங்கியது.

அடுப்பைத் தணித்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கேரினை உட்காரச் சொன்னாள்.

"வேற என்னென்ன சொன்னான்? ஒண்ணு விடாம சொல்லுங்க."