இடப்பக்கம் தேய்ந்த படி

பார்சல் கிடங்கில் மூட்டை இறக்கிவிட்டு மாலைக் கல்லூரிக்கு வந்தவளின் பையில் மூன்று நோட்டுகள் இருந்தன. கணக்கு, வரலாறு, உடலியல். மூன்றையும் சேர்த்துப் படிக்கும் பட்டம் என்றாலும், ஒன்றின் விஷயம் இன்னொன்றில் ஒரு வரிகூடக் கலக்காமல் காத்து வந்தாள். அவற்றோடு, வெறும் கணக்கியலுக்கு மாறுவதற்கான விண்ணப்பமும் இருந்தது. ஏழு மணிக்குள் கொடுக்காவிட்டால் மாற முடியாது.

"மூணுலயும் நுனிப்புல் மேஞ்சுட்டு வந்தா, எவன் உன்னை என்னன்னு வேலைக்குச் சேர்ப்பான்?" என்று காலையில் அண்ணன் கேட்டிருந்தான். தனக்கு எதுவுமே முழுதாக வராதோ என்ற பயம் வேறு.

அன்று மூன்று ஆசிரியர்களும் சேர்ந்து நடத்தும் வகுப்பு. எல்லோரையும் மாடிப்படியிலேயே நிறுத்திவிட்டார்கள். கல் படிகள், இறங்கும்போது இடப்பக்கம் வரும் சுவரோரத்தில் மட்டும் குழிந்திருந்தன. ஏன் என்பதுதான் அன்றைய கேள்வி.

"முன்னாடி இது பருத்தி நூல் கிடங்கு. மேலேருந்து மூட்டை இறக்குவாங்க," என்றார் வரலாற்று ஆசிரியை.

"இறங்கினவங்க ஏறலையா? ரெண்டு பக்கமும் தேயணுமே டீச்சர்," என்று மடக்கினார் கணக்கு வாத்தியார்.

அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "வெறுங்கையோட ஏறுறவங்க எப்படி வேணா ஏறுவாங்க சார். வலது தோள்ல மூட்டை இருந்தா, சுவரைப் பிடிச்சுக்கிட்டு ஓரமாத்தான் இறங்க முடியும். நான் தினமும் அப்படித்தான்."

"எங்க, இறங்கிக் காட்டும்மா," என்றார் கணக்கு வாத்தியார்.

தோளில் பையை ஏற்றி இறங்கினாள். இடது கை வழக்கம்போலச் சுவரைத் தேடியது. அங்கே சுவர்க் கல் கைபட்டுத் தேய்ந்து கண்ணாடிபோல் வழவழத்தது. உள்ளங்கை அதில் அப்படியே பொருந்தியது.

உடலியல் ஆசிரியர் படியிலிருந்து அந்த இடம் வரை டேப்பை நீட்டி அளந்தார். "மூட்டை இறக்கினவங்க இந்தப் பொண்ணு உயரந்தான் இருந்திருப்பாங்க. பொம்பளைங்களோ?"

"கிடங்குப் பதிவேட்டுல எல்லாம் ஆம்பளைங்க பேருதான இருக்கு..." வரலாற்று ஆசிரியையின் குரல் இறங்கிவிட்டது.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. சுவரிலிருந்து கையை எடுக்க மனம் வரவில்லை. எடுத்தால் யாரையோ பாதிப் படியில் விட்டுவிட்டு வருவது போலிருந்தது.

"அளவைக் குறிச்சுக்கோம்மா," என்றார் உடலியல் ஆசிரியர்.

எந்த நோட்டில்? திகைத்தவள், கையில் அகப்பட்ட தாளில் ஒவ்வொரு படியின் அளவாக எழுதத் தொடங்கினாள். தாள் நிறைந்தபோது கீழிருந்து அலுவலக எழுத்தர் கத்தினார்: "விண்ணப்பம் இருந்தா குடுங்க, பூட்டப் போறேன்!"

தாளைத் திருப்பிப் பார்த்தாள். விண்ணப்பம்தான்.

"கிறுக்கி வச்சிருக்கியேம்மா! வேற படிவம் தரட்டா?" என்றார் படியேறி வந்து பார்த்த எழுத்தர்.

"வேணாம்ணே. வெள்ளைத் தாள் இருந்தா குடுங்க. இன்னும் பதினோரு படி இருக்கு."