நிமிர்ந்த தோள்

நிமிர்ந்த தோளே ஒரு வம்சத்தின் மானம். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் முப்பது ஆண்டுகளாக மேடைதோறும் இதை முழங்கிவந்தார். அன்று மேடை கிடைக்காததால், கோட்டு போட்டுக்கொண்டு, வீட்டுக் கூடத்தில் மருமகளிடம் முழங்கினார். அவள் முன்னால் ஒரு தாளும் பேனாவும் இருந்தன.

குழந்தையின் கோளாறு தாய்வழியில் வந்தது. ஆகவே தாயும் மகளும் பிறந்த வீட்டுக்குப் போகிறார்கள். கணவன் மறுமணம் செய்துகொள்ள ஆட்சேபணை இல்லை. தாளில் இருந்தது இவ்வளவுதான். கையெழுத்துக்கு மட்டும் தாராளமாக இடம் விட்டிருந்தார்கள்.

"ஏழு வயசாச்சு, உச்சிக்குழி இன்னும் மூடல. தொட்டா மெத்துனு இருக்கு. பால் பல்லு ஒண்ணாவது விழுந்துச்சா? எங்க பக்கம் இப்படி யாருமே கெடையாது," என்றாள் மாமியார்.

கணவன் செய்தித்தாளுக்குள் இருந்தான். அரை மணி நேரமாக ஒரே பக்கம்.

மருமகளுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. மரத்துப்போன காலைப் பார்ப்பது போலத் தாளைப் பார்த்தாள்.

"டாக்டர் சீட்டு குடுத்திருக்காரு மாமா. அதப் படிச்சிட்டுக் கையெழுத்து போடறேன்."

"தாராளமா படி. நமக்கென்ன ஒளிவுமறைவு?"

அவள் படித்தாள். "கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல இருக்க வேண்டிய காறை எலும்பு குழந்தைக்கு இல்ல. தோள் சரிஞ்சிருக்கறதும், உச்சிக்குழி மூடாததும், பல் விழாததும் இதோட சேர்ந்ததுதான். பரம்பரையா வர்றது. அம்மாவோட எக்ஸ்ரே சரியா இருக்கு. அப்பா வீட்ல ரெண்டு தோளையும் முன்னாடி கொண்டுவந்து ஒட்ட வைக்கிறவங்க இருந்தா, அழைச்சிட்டு வரவும்."

மூலையில் உட்கார்ந்திருந்த மாமனாரின் தம்பி துள்ளி எழுந்தார்.

"அட, நம்ம வித்தை! பந்தயம் கட்டி எத்தன தடவ ஜெயிச்சிருக்கேன்!" சட்டைப் பொத்தானைக் கழற்றி, இரு தோள்களையும் கதவு சாத்துவது போல முன்னால் சாத்தினார். தாடைக்குக் கீழே இரண்டும் முட்டிக்கொண்டன. "அண்ணன் என்னையும் மிஞ்சிடுவாரு. சின்ன வயசுல ஜன்னல் கம்பிக்குள்ள நுழைஞ்சே வெளிய போயிடுவாரு. காட்டுங்கண்ணே!"

"உக்காருடா கழுதை!"

"சின்னத் தாத்தா, நானும்!" என்று குழந்தையும் தோளை மடக்கியது. "அப்பாவும் குளிக்கறப்ப செஞ்சு காட்டுவாரே!"

செய்தித்தாள் இன்னும் கொஞ்சம் மேலே உயர்ந்தது.

"அது வேற, இது வேற," என்றார் மாமனார். எது வேறு என்று யாரும் கேட்கவில்லை.

மருமகள் பேனாவை மூடினாள். தாளை நான்காக மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு எக்ஸ்ரே, மாமா. உங்களுக்கும் உங்க பிள்ளைக்கும் சேத்து சொல்லியிருக்கேன். கோட்டக் கழட்டச் சொல்லுவாங்க."

அவள் தையல்காரி. அந்தக் கோட்டு அவள் தைத்தது. தோளுக்கு மூன்று விரல் கனம் பஞ்சு வைக்கச் சொல்லி, அளவு கொடுத்தவர் மாமனார்.