மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே

திருநெல்வேலியில் ஒரு துணிக்கடையின் லிஃப்ட் மூன்றாம் மாடியிலிருந்து நான்காம் மாடிக்குப் போகப் பதினொரு விநாடி ஆகும். மாலை நாலு மணிக்கு மட்டும் ஐம்பது நிமிடம் ஆகும். அந்த நேரத்தில்தான் இசக்கியம்மாளுக்கு வகுப்பு.

இசக்கியம்மாள் அந்த லிஃப்டை இயக்குகிறவள். வயது முப்பத்தாறு. காலை ஒன்பதரைக்கு உள்ளே ஏறினால் கடை மூடும்போதுதான் வெளியே வருவாள். "மூணாவது மாடி, பட்டுச் சேலை. நாலாவது மாடி, பிளவுஸ் பிட்டு" என்று ஒரு நாளைக்கு நானூறு தடவை சொல்லுவாள். மிச்ச நேரத்தில் ஆன்லைனில் பொதுச் சுகாதாரம் படித்தாள். மிச்ச நேரம் என்று அவளுக்கு ஒன்று இல்லை. லிஃப்டே பார்த்து ஏற்பாடு செய்துகொடுத்தது.

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு நிக்காத" என்றாள் அவள் அக்கா.

"நான் உக்காந்துல்லா படிக்கேன்" என்றாள் இசக்கியம்மாள்.

உண்மைதான். அந்தக் கடையில் லிஃப்ட்காரிக்கு மட்டும் ஒரு முக்காலி உண்டு. மற்ற நூற்றுப் பதின்மூன்று பேரும் நின்றார்கள். வாடிக்கையாளர் வந்தாலும் நின்றார்கள், வராவிட்டாலும் நின்றார்கள். உட்கார்ந்தால் சேலைக்கு மரியாதை இல்லை என்பது கடையின் கொள்கை. சேலையிடம் யாரும் கேட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

லிஃப்டில் மாட்டிக்கொண்ட வாடிக்கையாளர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கல்யாணப் பட்டு எடுக்க வந்தவர்களுக்கு ஐம்பது நிமிடமெல்லாம் ஒரு நேரமா? களக்காட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் நாலைந்து நாள் விடாமல் ஏறி இறங்கியதில் முதல் பருவத் தேர்வையே எழுதிவிட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் புள்ளியியலில் முதல் வகுப்பு. இசக்கியம்மாள் தேறினாள், அவ்வளவுதான். அதில் அவளுக்கு இன்றுவரை ஒரு சின்ன வருத்தம் உண்டு.

மூன்றாம் வருஷக் கடைசியில் பேராசிரியர் தேவசகாயம் மேடம் ஃபோன் திரையில் வந்து கடைசி வேலையைச் சொன்னார்.

"நீங்க வேலை பாக்குற இடத்துல ஒரு நோயைக் கண்டுபிடிங்க. அதைக் குறைங்க. குறைஞ்சதை அளந்து காட்டுங்க. ஆகஸ்ட் மூணாம் தேதி, சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள."

"காட்டலைன்னா மேடம்?"

"பேரை எடுத்துருவோம்."

"எதுலேருந்து மேடம்?"

"எல்லாத்துலேருந்தும்."

இசக்கியம்மாள் தன் பெயர் எங்கெல்லாம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாள். ரேஷன் கார்டில் அவள் பெயர் தப்பாக இருந்தது. வீட்டுப் பத்திரத்தில் அது இல்லவே இல்லை. வகுப்பில் மட்டும்தான் அது சரியாக எழுதப்பட்டிருந்தது.

நோய் அன்று மாலையே கிடைத்தது. பிளவுஸ் பிரிவில் நிற்கும் மரிய புஷ்பம் நான்காம் மாடியில் லிஃப்டுக்குள் வந்தாள். மரிய புஷ்பம் ஏறிவிட்டாள், வீங்கின கால்கள் ஏறவில்லை. கதவு மூன்று முறை மூடப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. மரிய புஷ்பம் கழுத்தில் கிடந்த இரண்டு அளவு டேப்புகளை முடிச்சுப் போட்டுக் கெண்டைக்காலைச் சுற்றி அளந்து காட்டினாள்.

"காலையில முப்பத்து மூணு சென்டிமீட்டர். இப்ப ரெண்டு மீட்டர் இருவது."

"எத்தனை நாளா இப்படி?"

"பதினோரு வருஷமா."

"சொல்லப்படாதா புஷ்பம்?"

"என்னத்தச் சொல்ல? எல்லாருக்கும் அப்படித்தானக்கா இருக்கு."

எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது. இசக்கியம்மாள் நூற்றுப் பன்னிரண்டு பேரின் கால்களை அளந்து நோட்டில் எழுதினாள். மேனேஜர் திரவியம் அண்ணாச்சியை மட்டும் அளக்கவில்லை. புலியிடம் போய் நகம் வெட்டவா என்று யார் கேட்பது?

மறுநாள் நாலு மணிக்கு, மரிய புஷ்பமும் உள்ளே இருக்க, லிஃப்ட் வழக்கமான இடத்தில் நின்றது. அன்று கதவும் திறந்தது. வெளியே ஒரு மாடி இருந்தது. மூன்றுக்கு மேலே, நாலுக்குக் கீழே. அதில் துணி இல்லை. நாற்காலிகள் இருந்தன. வாசலில் மேசை போட்டு ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார்.

"உக்காரணுமா? நின்னதுக்குச் சான்று வேணும்" என்றார்.

"பதினோரு வருஷம் நின்னிருக்கேன்" என்றாள் மரிய புஷ்பம்.

"யார் பாத்தா?"

"கஸ்டமர் எல்லாரும் பாத்தாங்க."

"அவங்க சேலையைல்லா பாத்திருப்பாங்க."

இசக்கியம்மாள் யோசித்தாள். பிறகு குமாஸ்தாவிடம் ஒரு விண்ணப்பத் தாளை வாங்கிக்கொண்டு நான்காம் மாடிக்குப் போய், மரிய புஷ்பம் வழக்கமாக நிற்கும் இடத்தில் தரைமேல் வைத்தாள். தரை கைநாட்டு வைத்தது. குமாஸ்தா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

அதன்பிறகு தினமும் பத்துப் பத்துப் பேராக வந்து உட்கார்ந்தார்கள். முதல் நாள் சிலர் அழுதார்கள். இரண்டாம் நாள் முறுக்கு கொண்டுவந்தார்கள். கால்கள் ஒழுங்காகக் குறைந்தன. இசக்கியம்மாள் குறையக் குறைய எழுதினாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆகஸ்ட் மூன்று வந்தது. அன்று ஆடிப்பெருக்கு. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். ஆடித் தள்ளுபடியில் அம்மியெல்லாம் என்ன கணக்கு! கீழே கூட்டம் மாடிப்படி வரை நின்றது. மேலே நூற்றுப் பன்னிரண்டு பேரும் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி அளவை எல்லோரும் சேர்ந்து கொடுக்க வேண்டும் என்பது விதி.

தேவசகாயம் மேடம் நேரிலேயே வந்துவிட்டார். திரையில் எப்படியோ அப்படியே, தோள்வரைதான் இருந்தார். மீதி நெட்வொர்க் கிடைத்ததும் வரும் என்றார்.

"கடையில நூத்திப் பதிமூணு பேர்னு எழுதியிருக்கீங்க. நூத்திப் பன்னெண்டு அளவுதான் இருக்கு" என்றார். "ஒருத்தர் விட்டாலும் செல்லாது."

மணி நாலு முப்பத்தைந்து. இசக்கியம்மாள் லிஃப்டை மூன்றாம் மாடிக்கு இறக்கினாள். அங்கே திரவியம் அண்ணாச்சி தனியாக நின்றுகொண்டிருந்தார். அவரைச் சுற்றி இருநூறு பேர் தாங்களே சேலையை விரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க எல்லாரும்?"

"மேல அண்ணாச்சி."

"நாலாவது மாடியிலயா?"

"நாலுக்குக் கீழ."

"அப்ப இங்கயா?"

"இதுக்கு மேல."

தனக்குத் தெரியாத மாடி கடையில் இருப்பது மேனேஜருக்கு அழகல்ல. அவர் ஏறினார்.

கதவு திறந்ததும் நூற்றுப் பன்னிரண்டு பேரும் பழக்கதோஷத்தில் எழுந்திருக்கப் பார்த்தார்கள். "எந்திரிச்சா அளவு போச்சு" என்றார் மேடம். அப்படியே அமர்ந்தார்கள். அண்ணாச்சியின் முகம் சிவந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் குமாஸ்தா கேட்டுவிட்டார்.

"நீங்க நின்னீங்களா?"

"என்ன கேள்வி இது? இருவத்தாறு வருஷமா நிக்கேன்."

"யார் பாத்தா?"

அண்ணாச்சி சுற்றிப் பார்த்தார். அவருக்கு ஒரு பெயரும் நினைவுக்கு வரவில்லை. முகத்தின் சிவப்பு இறங்கிப்போனது.

"நாங்க பாத்தோம்" என்றாள் மரிய புஷ்பம்.

"பாத்தோம்" என்றார்கள் நூற்றுப் பதினொரு பேரும்.

குமாஸ்தா முத்திரை குத்தினார். மரிய புஷ்பம் ஐந்து டேப்புகளை முடிச்சுப் போட்டு அளந்தாள். ஏழு மீட்டர் பத்து. ஒரு சேலைக்கும் அதற்கான பிளவுஸுக்கும் போக எண்பது சென்டிமீட்டர் மிச்சம். அண்ணாச்சிக்கு உட்காரத் தெரியவில்லை. "மொழங்கால மடக்குங்க" என்று குமாஸ்தா சொல்லிக்கொடுத்தார். மடக்கினார். நாற்காலி அவரை வாங்கிக்கொண்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மணி நாலு ஐம்பத்திரண்டுக்கு லிஃப்டின் பெல் அடித்தது. முதலில் தரைத்தளம். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு எல்லாம் சேர்ந்து. திருநெல்வேலி முழுக்க மேலே வர நின்றது. அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். கைகளை ஊன்றிப் பாதி எழுந்தார். அவர் காலைச் சுற்றியிருந்த டேப் கிறீச்சென்று இழுபட்டது.

"கஸ்டமர் நிக்காங்க இசக்கி" என்றார்.

இசக்கியம்மாள் நோட்டை அவரிடம் நீட்டினாள். "நீங்க எந்திரிச்சா என் பேரு போயிரும் அண்ணாச்சி. மூணு வருஷம் படிச்சேன்."

அவர் பாதி எழுந்தபடியே அவளைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். பெல் அடித்துக்கொண்டே இருந்தது.

"படி இருக்குல்லா" என்றார் அண்ணாச்சி. "நடந்து வரட்டும்."

உட்கார்ந்துவிட்டார். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

நாலு ஐம்பத்தெட்டுக்கு மரிய புஷ்பம் மறுபடி அளந்தாள். ஒரு டேப் போதுமாயிருந்தது. முப்பத்தாறு சென்டிமீட்டர். இசக்கியம்மாள் நூற்றுப் பதின்மூன்றாவது வரியை நிரப்பி, கீழே தன் பெயரை ஒரு எழுத்துக்கூட விடாமல் எழுதி மேடத்துக்குக் காட்டினாள். மேடம் படித்தார். நிதானமாகத்தான் படித்தார்.

"குறைஞ்சிருக்கு. பேர் இருக்கட்டும்" என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். திரவியம் அண்ணாச்சிதான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். ஒருவர்கூட எழுந்து நிற்கவில்லை.