பக்கத்து ஸ்டூல்

காலையிலிருந்து இயக்குநருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னல் வரை போனார், எதற்குப் போனோம் என்று மறந்து திரும்பி வந்தார். கண் மருத்துவமனையின் பயிற்சித் திட்டத்துக்கு அவர் பொறுப்பேற்று மூன்று வருடம் ஆகிறது. வருகிற இளம் டாக்டர்களைக் கண் அறுவை நிபுணர்களாக்கி அனுப்புவது வேலை. எப்படி ஆக்குவது என்று மட்டும் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நன்றாக ஆபரேஷன் செய்கிறவர் நன்றாகச் சொல்லியும் கொடுப்பார் என்று நம்பி, நிர்வாகம் அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டது.

மாலையில் குழு கூடுகிறது. கடைசி வருடப் பயிற்சி டாக்டரைத் தேறிவிட்டார் என்று வெளியே அனுப்பலாமா, நிறுத்தி வைக்கலாமா என்று இவர் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணின் சின்னஞ்சிறு மகள் மாமியார் வீட்டில் வளர்கிறாள். ஊரில் வேலையும் தயாராகக் காத்திருக்கிறது. இவள் தேறமாட்டாள் என்றுதான் இயக்குநருக்குத் தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் தெம்பு இல்லை. அதனால்தான் அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, படிக்கிற காலத்தில் பெண்கள் ஹாஸ்டலில் இவருக்கு மூத்தவர். இன்னொரு மருத்துவமனையில் இதே வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர்.

"நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்க்கா. எனக்குத் தைரியம் வந்துடும்."

"பாக்காம எப்படிச் சொல்றது? அவளுக்கு ஒரு கேஸ் குடு. நான் ஓரமா நின்னுக்கறேன்."

கண்புரை ஆபரேஷனில் நோயாளி விழித்துக்கொண்டுதான் இருப்பார். கண்ணைத்தான் மரத்துப்போகச் செய்கிறார்கள், காதை அல்ல. துணிக்கு அடியில் படுத்தபடி எல்லாப் பேச்சையும் கேட்டுக்கொண்டிருப்பார். "ஐயோ, தப்பு" என்று யாராவது சொன்னால் அவருக்கு அங்கேயே பாதி உயிர் போய்விடும். எனவே இயக்குநர் மரியாதையான ஒரு சொல் வைத்திருந்தார்: "கொஞ்சம் நகருங்க." சொன்னதும் பயிற்சி டாக்டர் நகர்ந்து பக்கத்து ஸ்டூலுக்குப் போக, இவர் உட்கார்ந்து மீதியை முடிப்பார். முதுகுக்குப் பின்னால் இவருக்கு 'நகருங்க மேடம்' என்றே பெயர். ஒருமுறை படுத்திருந்த பெரியவர் "நானாம்மா?" என்று கேட்டு நகரப் பார்த்த கூத்தும் நடந்திருக்கிறது.

அன்றைய முதல் கேஸில் அந்தப் பெண் கீறலைப் போட்டாள். லென்ஸின் மேலுறையை வட்டமாகக் கிழித்து எடுத்தாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அடுத்து, மங்கிப்போன லென்ஸைத் துண்டு துண்டாக உடைக்க வேண்டும், கஷ்டமான கட்டம். அவள் கருவியை இயக்கும் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். இயக்குநர் உட்கார்ந்து மளமளவென்று முடித்துவிட்டு, அக்காவை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்.

"பாத்தீங்களாக்கா? பாதியிலயே நின்னுட்டா."

"நீ எப்போ நகரச் சொன்ன?"

இயக்குநர் யோசித்தார். சொல்லவில்லை.

"நான் அவளப் பாக்கல. உன்னத்தான் பாத்தேன். அவ லென்ஸத் தொடறதுக்கு முன்னாடியே உன் கை முன்னால நீண்டுடுச்சு. அதப் பாத்துத்தான் அவ நகந்தா. சரி, இதுவரைக்கும் எத்தன லென்ஸ அவளே உடைச்சிருக்கா?"

எவ்வளவு யோசித்தும் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. இயக்குநருக்கு முகம் செத்துப்போயிற்று.

"அடுத்த கேஸ்ல கையக் கோத்து நெஞ்சோட வச்சுக்க. நான் சொன்னா மட்டும் தொடு," என்றார் அக்கா.

அந்தக் கேஸில் இயக்குநர் பட்ட பாடு நோயாளிகூடப் பட்டிருக்கமாட்டார். அதே கட்டத்தில் அந்தப் பெண் மறுபடியும் காலை எடுத்தாள்.

"உக்காருங்க. நீங்களே பண்ணுங்க," என்றார் இயக்குநர்.

அவள் நம்பாமல் திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து, மெல்ல, மிக மெல்ல லென்ஸை இரண்டாக உடைத்தாள். இயக்குநருக்குக் கை பரபரத்தது, செருப்புக்குள் விரல்கள் மடங்கின. பாதியை இன்னும் இரண்டாக்கி வெளியே எடுத்தாள் அவள். மீதியை உடைக்கும்போது ஒரு துண்டு பின்னால் இருக்கும் மெல்லிய சவ்வை நோக்கிச் சரிந்தது. அவள் தடுமாறினாள்.

"இப்போ," என்றார் அக்கா.

இயக்குநர் கருவியை வாங்கி முடித்தார். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"கை நல்ல கை," கழுவும் இடத்தில் அக்கா சொன்னார். "பழக்கம்தான் இல்ல. இப்படியே அனுப்பினா, ஊர்ல துண்டு சரியறப்போ அவ பக்கத்துல யாரு இருப்பா?"

"தப்பு என்னோடது. தண்டனை மட்டும் அவளுக்கா?"

"எனக்கும் இந்த வியாதி இருந்துச்சு. எனக்கு அதச் சொல்ல ஒருத்தரும் வரல. நீயாவது கூப்பிட்ட."

மாலையில் குழு கூடியது. அனுப்பலாம் என்றாலும் தலையாட்டுவார்கள், தேறவில்லை என்றாலும் தலையாட்டுவார்கள். எதைச் சொன்னாலும் இவர் பெயருக்குப் பங்கம் வராது. இயக்குநர் எழுந்து நின்றே பேசினார்.

"இன்னும் ஆறு மாசம் பயிற்சி வேணும். காரணம் அவங்க இல்ல, நான். கஷ்டமான வேலையெல்லாம் நானே பண்ணிட்டேன். அப்படியே எழுதிக்கோங்க."

யாரோ இருமினார்கள். யாரும் மறுக்கவில்லை.

வெளியே நடைவழியில் அந்தப் பெண் நின்றிருந்தாள். இயக்குநர் ஒன்றையும் மறைக்காமல் சொல்லி, மன்னிப்பும் கேட்டார்.

"அடுத்த மாசம் வந்துடுவேன்னு பாப்பாகிட்ட சொல்லிட்டேன் மேடம்," என்றாள் அவள். கண் நிறைந்துவிட்டது.

"இந்தத் தடவ ஒழுங்காச் சொல்லித் தரேன்மா. ஒவ்வொரு கேஸுக்கும் நானே பக்கத்துல உக்காந்து..."

"மேடம்." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தப்பா நினைக்காதீங்க. நீங்க இல்லாம, வேற யாராவது உக்கார முடியுமா?"

கன்னத்தில் அறைந்தாற்போல இருந்தது. 'ஏன், நான் இன்னைக்குக் கைய வைக்காம இருந்தேனே' என்ற வாதம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்க இயக்குநருக்குச் சற்று நேரம் பிடித்தது.

"முடியும்," என்றார். "நாளைக்கே ஏற்பாடு பண்றேன்."